சித்தியின் மழைக்கோட்டுக்கு ஒரு வென்ட் பைப்

என் சித்தியைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாஷர் அக்கா என்று கேட்டால் தபால்காரரே எங்கள் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். இருபத்தாறு வருடமாகக் குழாய் ரிப்பேர் வேலை. வலது கை மோதிர விரலில் எப்போதும் ஒரு கறுப்பு ரப்பர் வாஷர் கிடக்கும். "தங்கம்னா ரெஞ்சுல மாட்டி விரலே போயிடும். இது மாட்டினா இதுதான் பிஞ்சு போகும். அவசரத்துக்கு யார் வீட்டுக் குழாயிலயாவது கழட்டிப் போட்டுட்டும் வரலாம்" என்பாள். சித்தப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்த மோதிரம் பீரோவில் தூங்குகிறது. அவருக்கு அதில் பதினெட்டு வருட வருத்தம்.

சித்தி குள்ளம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் முழு ஆளாக நுழைந்துவிடுவாள். அங்கிருந்தே வீட்டுக்காரர்களோடு பேசுவாள், அதட்டுவாள், பிள்ளைகளின் மார்க் விசாரிப்பாள். இந்த ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரலும் செருப்பும்தான் பழக்கம். முகத்தைக் கடைத்தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாது.

நாலு வருடம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு நான் அப்போதுதான் திரும்பியிருந்தேன். சித்தி வீட்டு மாடி அறையில் ஜாகை. பையை இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் தங்கிவிடுவேனோ என்று ஒரு பயம். மூன்றாம் நாள் காலை, சித்தி கையில் டீயோடும் முகத்தில் ஒரு தினுசான சிரிப்போடும் மாடிக்கு வந்தாள்.

"நீதான் உலகம் பூரா நனைஞ்சவ. சொல்லு. மலையில மழை பெஞ்சா என்ன போட்டுக்கணும்?"

"எந்த மலை?"

"நம்ம மலைதான். தண்ணி வர்ற மலை."

எங்கள் ஊர்க் குழாய்களில் வரும் தண்ணீர் அந்த மலையுச்சிக்குப் பக்கத்தில் ஓர் ஊற்றில் பிறக்கிறது. அங்கே போக வேண்டும் என்பது சித்தியின் ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது. வெறி.

"இருபத்தாறு வருஷமா இந்தத் தண்ணி நம்ம வீடு தேடி வந்துக்கிட்டு இருக்கு. ஒரு தடவையாவது அது வீட்டுக்கு நாம போக வேண்டாமா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

போவது அவ்வளவு சுலபமில்லை. ஊற்று பெருகுவது மழைக்காலத்தில். அப்போது மலையில் தனியாக யாரையும் விடமாட்டார்கள். வருடத்துக்கு ஒரு முறை எங்கள் ஊர்ப் பல் டாக்டர் பத்துப் பேர்வரை கூட்டிக்கொண்டு ஐந்து நாள் நடைக்குப் போவார். அவரோடு போனால்தான் உண்டு. அவரோ பல் பிடுங்குவதில் காட்டும் கருணையை இதில் காட்டமாட்டார். மலையில் நனைந்து, விறைத்து, உளற ஆரம்பித்த ஒருவரை முதுகில் சுமந்து இறக்கிய அனுபவம் அவருக்கு உண்டாம். அதிலிருந்து ஒரு பரீட்சை வைத்துவிட்டார்.

பஸ் கழுவும் ஷெட்டில் நடக்கும் பரீட்சை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு மருந்துச் சீட்டு வைப்பார். அதில் அவர்கள் பெயரை மைப்பேனாவால் அவரே எழுதியிருப்பார். மலைக்குப் போட்டுக்கொள்ளும் உடுப்பு, சப்பாத்து, முதுகுப்பை எல்லாம் மாட்டிக்கொண்டு பஸ் கழுவும் தண்ணீரில் பத்து நிமிடம் நிற்க வேண்டும். பிறகு பக்கத்திலுள்ள ஏழு மாடிக் கார் நிறுத்தத்தின் படிக்கட்டில் மூன்று முறை ஏறி இறங்க வேண்டும். எல்லாம் நாற்பது நிமிடத்துக்குள். முடிந்ததும் சீட்டை எடுத்துப் பார்ப்பார். பெயரைப் படிக்க முடிந்தால் மலை. மை கலைந்திருந்தால் வீடு.

போன வருடம் சித்தி ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு, ஜீன்ஸ், கான்வாஸ் சப்பாத்து சகிதம் போய் நின்றாள். டாக்டர் அவள் சட்டைப் பையிலிருந்து சீட்டை இடுக்கியால் எடுத்தாராம். அது சீட்டாகவே இல்லையாம், நீலக் கூழ்.

"ஊருக்கெல்லாம் லீக்கை அடைக்கிறவ நான். என் சட்டைப்பையில தண்ணி! அந்தாள் ஒண்ணும் சொல்லல. 'அடுத்த வருஷம் பாப்போம்'னு பல்லு பிடுங்கினவங்ககிட்ட சொல்ற மாதிரி சொன்னார். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல்லு."

"விடு சித்தி. நான் இருக்கேன். என் கோட்டு மூணு கண்டத்தைப் பாத்தது. நானும் உன்கூடப் பேரு குடுக்கிறேன்."

கீழே படிக்கட்டிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு பார்க்கும் குமாஸ்தா அவர். எதையும் கூப்பிட்டுச் சரிபார்க்கிற குரல். "ஆக, வீட்ல ரெண்டு பைத்தியம். ஆஜர்."

*

மலைச் சாமான் விற்கும் கடை, மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கடைக்காரர் தாடி வைத்த சாந்தமான மனிதர். சித்தி உள்ளே நுழைந்த வேகத்தில் அந்தச் சாந்தம் கலைந்தது.

"இந்தக் கோட்டு எத்தனை பிரஷர் தாங்கும்?"

"அக்கா, இது இருபதாயிரம் மில்லிமீட்டர்."

"மில்லிமீட்டர்னா? தண்ணி ஹெட்டா?"

கடைக்காரர் விழித்தார். அந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை போலும். ஒரு துணியின் மேல் குழாயை நட்டு அதில் தண்ணீரை ஏற்றிக்கொண்டே போனால் எத்தனை உயரத்தில் துணி கசியத் தொடங்கும் என்பதுதான் அந்த எண். அவர் அதைச் சுற்றி வளைத்து விளக்கத் தொடங்குவதற்குள் சித்தி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"இருபது மீட்டர் ஹெட்டுடி! ஆறு மாடிக்கு மேல டேங்க்கு வச்சு அடியில இந்தத் துணியைப் பிடிச்சா தாங்கும்ங்கிறாரு! நான் போடுற பிளாஸ்டிக் பைப்பே சிலது இதைத் தாங்காது!"

அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நகைக்கடையில்கூட அவள் அப்படி நின்றதில்லை.

ஆனால் வாங்கிவிடவில்லை. கோட்டை உள்பக்கம் வெளியே திருப்பி, தையலை விரலால் தடவிக்கொண்டே போனாள். "எந்தக் காலத்துலயும் பைப் லீக் ஆகாதுங்க. ஜாயின்ட்தான் லீக் ஆகும். ஊசி போன ஓட்டையெல்லாம் எதால அடைச்சிருக்கீங்க?" ஒவ்வொரு தையல் மேலும் ஒரு மெல்லிய நாடா ஒட்டப்பட்டிருந்தது. ஒன்றில் அந்த நாடா முக்கிய தையல்களில் மட்டும் ஓடியது. அதைக் கழித்துவிட்டாள். இன்னொன்றில் தொப்பியோடு கழுத்து சேருமிடத்தில் நாடா சுருங்கி ஒரு குமிழ் நின்றது. அதையும் கழித்தாள். மூன்றாவதில் முன்பக்க ஜிப்புக்குப் பின்னால் மடிப்பு இல்லை. "கதவு இருக்கு, நிலை இல்ல." கழித்தாள். தலையைத் திருப்பினால் தொப்பியும் கூடவே திரும்ப வேண்டும் என்று நான் சொன்னேன். நாலு வருடத்தில் நான் கற்ற ஒரே உருப்படியான விஷயம் அது. ஒன்பதாவது கோட்டு தேறியது. ஆரஞ்சு நிறம். ஆண்களுக்கான சின்ன அளவு. கை மட்டும் நீளம்.

"கை நீளமா இருந்தா நல்லதுதான். கையைத் தூக்கினா தண்ணி உள்ள ஓடாது" என்றாள்.

சப்பாத்துக்கு அவளிடம் வேறு பரிசோதனை இருந்தது. முதலில் முழங்கால்வரை வரும் ரப்பர் கம்பூட் போதும் என்றாள். தண்ணீர் புகாதே! கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "புகாது அக்கா. ஆனா ஓடையில இறங்கினா மேல வழியா ஒரு தடவை உள்ள போயிடும். அப்புறம் வெளிய வராது. அஞ்சு நாளும் மீன் தொட்டியில நடக்கணும்." சித்தி அவரை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தாள். வடிகால் இல்லாத தொட்டியை அவளும் யாருக்கும் கட்டிக் கொடுத்ததில்லை.

கடைசியில் கணுக்காலைப் பிடித்து நிற்கிற, சீக்கிரம் காயக்கூடிய, அடியில் ஆழமான பற்கள் கொண்ட ஒரு ஜோடியை, பிடிக்காவிட்டால் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கி வந்தாள். அந்த வாரம் முழுதும் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனாள். வீட்டுக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னால், "கழட்ட முடியாதும்மா, பரீட்சை நடக்குது" என்றுவிட்டு நேராகக் குளியலறைக்குப் போய், டைல்ஸ் மேல் சோப்புத் தண்ணீரைக் கொட்டி, ஒற்றைக் காலில் நிற்பாள். ஏழு வீட்டில் வழுக்கவில்லை. எட்டாவது வீட்டில் வழுக்கி, துண்டு மாட்டும் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "அது உங்க வீட்டு டைல்ஸோட தப்பு" என்று சொல்லி, கம்பியை இலவசமாக மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

*

கோட்டின் பரிசோதனை எங்கள் மொட்டை மாடியில் நடந்தது. கை நுனிகளைக் கிளாம்ப்பு போட்டு இறுக்கி, ஜிப்பை மூடி, தொப்பியின் வாயையும் கிளாம்ப்பால் அடைத்து, இடுப்பைக் கயிற்றால் கட்டி, கோட்டைத் தலைகீழாகத் துணிக்கொடியில் தொங்கவிட்டாள். எஞ்சியிருந்த ஓர் இடைவெளி வழியாக உள்ளே தண்ணீர் ஊற்றினோம். கோட்டு மெல்ல ஊதி, தலையில்லாத ஒரு குண்டு மனிதராக ஆடியது. எதிர் மாடியில் துணி காயப்போட வந்த அம்மா, "ஐயோ, யாருங்க அது?" என்று அலறினார். "என் மாமனாருங்க!" என்று சித்தப்பா கத்தினார். சித்தி அவர் மேல் குழாயைத் திருப்பினாள்.

எங்கே முத்து முத்தாகத் துளிக்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டாள். தோளில் இரண்டு. தொப்பிக் கயிறு போகும் ஓட்டையில் ஒன்று. இரண்டு அக்குளிலும் ஓரமாக ஒரு கசிவு. அங்கேதான் அவள் கண் நின்றது.

"இங்க எதுக்கு ஜிப்பு? அக்குளுக்குக் கதவு வச்சிருக்கான் பாரு!"

"அது காத்து வர்றதுக்கு சித்தி."

"காத்து வர்ற வழியில தண்ணியும் வரும். தேவையில்லாத ஜாயின்ட். அடைச்சுடு."

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. குழாய்க்கு அடிக்கிற சிலிகான் துப்பாக்கியை எடுத்து வந்தாள். தோள் தையல், கயிற்று ஓட்டை, இரண்டு அக்குள் ஜிப் எல்லாவற்றின் மேலும் வெள்ளை வெள்ளையாக இழுத்துவிட்டாள். விரலை எச்சில் தொட்டு வழித்தும்விட்டாள். கேக்குக்கு க்ரீம் வைத்த மாதிரி இருந்தது. மறுநாள் மறுபடி தண்ணீர் ஊற்றினோம். ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

"இப்ப வரட்டும் அந்த டாக்டர்!" என்று சித்தி மாடியைச் சுற்றி ஒரு சுற்று ஓடினாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. நானும் ஓடினேன். காரணம் ஒன்றுமில்லை, நான் திரும்பி வந்த பிறகு அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக யாரும் சிரித்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. ஒத்திகை பார்த்துவிடலாம் என்றேன். சித்தப்பா மைப்பேனாவால் சீட்டு எழுதினார். பெயருக்குக் கீழே, "இந்தப் பெண்ணைக் கண்டுபிடிப்பவர்கள் திருப்பித் தர வேண்டாம்" என்று ஒரு வரியும் சேர்த்தார். பத்து நிமிடம் குழாயால் தண்ணீர் அடித்தார், கடமையுணர்ச்சியோடு, முகத்துக்கு நேராக. பிறகு முதுகுப்பையில் ரெஞ்சுகளும் முழங்கை போல வளைந்த இரும்புக் குழாய்களும் நிரப்பிக்கொண்டு சித்தி பக்கத்துக் கட்டடத்தின் ஆறு மாடியை மூன்று முறை ஏறி இறங்கினாள். திரும்பி வந்து வெற்றிப் புன்னகையோடு கோட்டைத் திறந்தாள்.

சட்டை தொப்பலாக இருந்தது. சீட்டு நீலக் கூழ்.

இரும்பெல்லாம் சுமந்து வந்தவள் அப்போதுதான் முதன்முறையாகத் தரையில் உட்கார்ந்தாள்.

அடுத்த இரண்டு நாளும் வீடு வீடாகவே இல்லை. சித்தி லீக்கைத் தேடினாள். கோட்டுக்குள் டார்ச் வைத்துப் பார்த்தாள். சோப்பு நுரை தடவி ஊதிப் பார்த்தாள். கோட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து சித்தப்பாவை வெளியிலிருந்து தட்டச் சொன்னாள். "யாரது?" என்று அவர் தட்டிக்கொண்டே கேட்டார். வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால், "வரேன், வரேன், எங்க வீட்லயே லீக்கு" என்றாள். எங்கும் ஓட்டை இல்லை. மறுபடி மாடிப்படி ஏறினாள். மறுபடி கூழ்.

மூன்றாம் நாள் சாயங்காலம், மூன்றாவது சீட்டைப் பிழிந்துகொண்டு நின்றவள், என்ன தோன்றியதோ, விரலை நாக்கில் வைத்தாள்.

"சீ! மையைப் போய்..." என்று சித்தப்பா முகத்தைச் சுளித்தார்.

"சும்மா இருங்க." இன்னொரு தரம் வைத்தாள். கண் பெரிதாகிக்கொண்டே போனது. "உப்பு!"

"என்ன உப்பு?"

"உப்புக் கரிக்குதுங்க! நம்ம குழாய்த் தண்ணியில உப்பு ஏது? இது வெளித் தண்ணி இல்ல." சித்தி தன் நெஞ்சைத் தொட்டாள். "இது நான்! நான்தான் லீக்கு!"

சித்தப்பா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. "பதினெட்டு வருஷமா நான் சொல்லிட்டு இருக்கேன், தப்பு உன்மேலதான்னு, யாரு கேட்டா?" என்று தரையில் தடவிக்கொண்டே கேட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்ல, அது காத்துக்குன்னு!" என்று குதித்தேன். சித்திக்கு எங்கள் இருவர் பேச்சும் காதில் விழவில்லை.

"வென்ட் பைப்" என்றாள் மெதுவாக. பிறகு சத்தமாக. "வென்ட் பைப் வைக்காம விட்டுட்டேனேடி! கழிவுக் குழாய் லைன் போட்டா மொட்டை மாடிவரைக்கும் ஒரு காத்துக் குழாய் எடுத்துவிடணும். இல்லன்னா உள்ள இருக்கிற காத்து அடைச்சிக்கிட்டுக் குமுறும். நேத்து வேலை கத்துக்கிட்டவனுக்குக்கூடத் தெரியும். அந்தக் கோட்டைத் தச்சவன் வென்ட் வச்சுத்தான் குடுத்திருக்கான். நான், இருபத்தாறு வருஷ சர்வீஸ், அதைப் போய் சிலிகான் வச்சு அடைச்சிருக்கேன்! வெளிய சொல்லிடாத, எவனும் வேலைக்குக் கூப்பிடமாட்டான்."

அன்றைக்கே சவர பிளேடால் அக்குளில் இருந்த சிலிகானை மயிரிழையாக உரித்தெடுத்தாள். இரண்டு இடத்தில் துணியில் கீறல் விழுந்தது. அதற்கு மட்டும் உள்பக்கமாகப் பட்டை ஒட்டினாள். காற்றுக்கு வழி கிடைத்ததும் மற்றதெல்லாம் தானாகப் புரிந்தது அவளுக்கு. பருத்திப் பனியன் வேர்வையைக் குடித்துவிட்டு விடாது, ஆக அது கூடாது. சித்தப்பாவின் பழைய கால்பந்து பனியனைப் பறிமுதல் செய்து, சீட்டு வைக்க நெஞ்சில் ஒரு பை தைத்துக்கொண்டாள். மெல்லிசு, உதறினால் காயும். ஏறும்போது உள்ளே கம்பளிச் சட்டை வேண்டாம், அது பையில் இருக்கட்டும், நின்றால் போட்டுக்கொள்ளலாம். பைக்குள் இருப்பதை ஒரு தடித்த குப்பைப் பையில் போட்டு வாயை முறுக்கிக் கட்டினால் முதுகுப்பை எப்படி நனைந்தாலும் கவலை இல்லை. அதில் தூங்கும்போது போட ஒரு செட் துணி தனியாக, எது நடந்தாலும் தொடாமல்.

"முக்கியமா இன்னொண்ணு," என்றாள். "மோட்டாரை ஃபுல்லா ஓடவிடக் கூடாது. சூடாகும்."

*

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை காலை. பஸ் ஷெட்டில் பத்து பேர். பேக்கரிக்காரர், இரண்டு நர்சுகள், தீயணைப்பு நிலையத்தில் ஓய்வு பெற்ற ஒருவர், இன்னும் சிலர். டாக்டர் வெள்ளைக் கோட்டில் கடிகாரத்தோடு நின்றார். எங்கள் சட்டைப் பைகளில் சீட்டுகளைச் செருகினார். சித்தியிடம் வந்தபோது, "வந்துட்டீங்களா?" என்றார்.

"விடுவேனா டாக்டர்?"

தண்ணீர் திறந்தார்கள். பஸ்ஸின் சேற்றைப் பெயர்க்கிற தண்ணீர். மூன்று கண்டத்தைப் பார்த்த என் கோட்டு நாலாவது நிமிடத்திலேயே தோளில் இருண்டது. ஆறாவது நிமிடம் முதுகெலும்பு வழியாக ஒரு குளிர்ந்த நாடா இறங்கியது. உள்பூச்சு எந்தத் தேசத்திலோ உரிந்து போயிருக்கிறது. நான் கவனித்ததே இல்லை, தினம் காலையில் அதைப் பெருமையாக உதறிப் போட்டுக்கொண்டதைத் தவிர. பக்கத்தில் சித்தி எல்லா ஜிப்பையும் மூடி, கையைத் தாழ்த்தி, நிலக்கடலை மாதிரி சுருண்டு நின்றாள். "எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டாள். "ஜம்முனு இருக்கு" என்றேன், பல் கிடுகிடுக்க.

படிக்கட்டு தொடங்கியதும் எல்லாரும் பாய்ந்தார்கள். சித்தி பாயவில்லை. அக்குள் ஜிப் இரண்டையும் இடுப்புவரை திறந்தாள். கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டாள். இறக்கை காயவைக்கிற நீர்க்காகம் மாதிரி, ஒவ்வொரு படியாக, மெதுவாக ஏறினாள். முதல் சுற்று முடிவதற்குள் எல்லாரும் அவளைத் தாண்டிவிட்டோம். இரண்டாவது சுற்றில் பேக்கரிக்காரர் அவளை மறுபடியும் தாண்டினார்.

"அக்கா, பறக்கப் போறீங்களா?"

"நீங்க வேகுங்க தம்பி. நான் ஆறிக்கிறேன்."

எல்லாரும் முடித்துவிட்டு மூச்சிரைக்க ஷெட்டில் நின்றபோது சித்தி மூன்றாவது சுற்றின் நாலாவது மாடியில் இருந்தாள். முப்பத்தாறு நிமிடம் ஆகிவிட்டது. கார் நிறுத்தத்தின் திறந்த பக்கத்தில், ஒவ்வொரு தளத்திலும் அந்த ஆரஞ்சு நிறம் தோன்றி மறைவது கீழிருந்தே தெரிந்தது. ஐந்து. ஆறு.

"சித்தீ! மூணு நிமிஷந்தான் இருக்கு!"

"தெரியும்டி, கத்தாத!"

உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கினாள். இறங்குகையில் வேர்க்காது என்று கணக்குப் போட்டிருக்கிறாள் போல. அப்போதுதான் வேகத்தைக் கூட்டினாள். விரித்த கை விரித்தபடி, பையில் ரெஞ்சு கணகணக்க. மற்ற ஒன்பது பேரும் தளத்தின் எண்ணைக் கத்தினோம். தீயணைப்புக்காரர் விசிலடித்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார், ஆனால் அவர் குதிகால் தரையில் இல்லை. இருபது விநாடி மிச்சம் வைத்து சித்தி ஷெட்டுக்குள் வந்து சேர்ந்தாள்.

சீட்டுகளைப் பிரித்தார். முதலில் என்னுடையது. பாதியை இடுக்கியால் எடுத்தார், மீதி பையிலேயே ஒட்டிக்கொண்டது.

"இது பற்பசை" என்றார். "கோட்டு எத்தனை வருஷம்?"

"மூணு கண்டம்."

"நான் வருஷம் கேட்டேன்."

பேக்கரிக்காரருக்கும் கூழ்தான். தண்ணீரில் தப்பியவர், படிக்கட்டில் வெந்துவிட்டார். நர்சுகள் இருவரும் தேறினார்கள். கடைசியாக சித்தி. தானே எடுத்து நீட்டப் போனாள். "கையில ஈரம் இருக்கும்" என்று டாக்டர் தடுத்து, இடுக்கியால் எடுத்தார். மடித்த சீட்டைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். எங்கள் எல்லார் தலையும் அவர் கைக்கு மேலே வந்துவிட்டது.

முதல் எழுத்து சுத்தம். இரண்டாவதும் சுத்தம். கடைசி எழுத்தின் வால் மட்டும் நீலமாகப் பரவி ஒரு பூச்சி மாதிரி உட்கார்ந்திருந்தது.

சித்தி கழுத்தை நீட்டி அந்தப் பூச்சியை முறைத்தாள்.

"அது வெளித் தண்ணி இல்ல டாக்டர்" என்றாள். "சந்தேகமா இருந்தா நாக்குல வச்சுப் பாருங்க."

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார். முப்பது வருடம் அடுத்தவர் வாய்க்குள்ளேயே வாழ்ந்தவருக்கு அந்த யோசனை எப்படிப் பட்டதோ, உதடு இறுகி, கன்னம் உப்பி, கடைசியில் வெடித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சித்தியின் பெயரைக் கடைசி எழுத்துவரை சத்தமாகப் படித்தார்.

"படிக்க முடியுது. வெள்ளிக்கிழமை காலை அஞ்சரை மணிக்கு இங்க இருங்க."

சித்தி என்னைக் கட்டிக்கொண்டாள். நான் தொப்பலாக இருந்ததால் அவளும் நனைந்தாள்.

*

அந்த ஐந்து நாளும் சித்தியின் போனை நான்தான் எடுத்தேன். "வாஷர் அக்கா மலையில இருக்காங்க. மெயின் வால்வை மூடிட்டு வாளியை வைங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சீட்டு, கூழ், உப்பு, எல்லாக் கதையும் ஊருக்குத் தெரிந்திருந்தது. "வாளி நிறையட்டும், அவங்க பத்திரமா வரட்டும்" என்றார் ஒரு பெரியவர். வெளியே விடாமல் மழை அடித்தது. சித்தப்பா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னலுக்குப் போய், மலை இருக்கும் திசையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பார்க்காதவர் மாதிரி திரும்பி வந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சித்தி வந்து இறங்கினாள். முகம் கறுத்து, உதடு வெடித்து, ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு. கோட்டு ஆரஞ்சாகவே இல்லை, சேறு.

"நனைஞ்சியா?" என்று சித்தப்பா கேட்டார். இரண்டு துண்டுகளோடு வாசலிலேயே காத்திருந்தார்.

"நனையாமலா? மூணாம் நாள் உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால்வரைக்கும் நனைஞ்சேன். எல்லாரும்தான். அஞ்சு நாள் மழையை எந்தக் கோட்டுங்க தாங்கும்? ஆனா அன்னிக்குக் கூடாரத்துல நான் குப்பைப் பையைப் பிரிச்சு, காய்ஞ்ச துணி எடுத்துப் போட்டேன் பாருங்க. டாக்டருக்கே பொறாமை. அவரு பையில தண்ணி போயிடுச்சு!"

"ஊற்று? ஊற்றைப் பாத்தியா?" நான் அவள் பையைப் பிடுங்கிக்கொண்டே கேட்டேன்.

சித்தி படியில் உட்கார்ந்தாள். சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கப் போன கை பாதியில் நின்றது. தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாளோ என்று சித்தப்பா துண்டோடு கிட்டே போனார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு நாள் ஏறி, ஓடை தாண்டி, அட்டைக் கடி வாங்கி, மேல போய் நின்னா... ஒரு பாறைங்க. அதுல இத்துனூண்டு விரிசல். அதுலேர்ந்து தண்ணி வருது, சொட்டு சொட்டு சொட்டுன்னு, பக்கத்துல இன்னொண்ணு, அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. டாக்டர் தொப்பியைக் கழட்டிட்டு அமைதியா நிக்கிறாரு. நர்சுங்க கண்ணுல தண்ணி. எனக்கு மட்டும் சிரிப்புத் தாங்கல. அது லீக்குடி! சுத்தமான லீக்கு! நம்ம ஊரு மொத்தமும் ஒரு லீக்குலேர்ந்துதான் தண்ணி குடிக்குது!"

"நீ என்ன பண்ணின?"

"கை சும்மா இருக்குமா? பெருவிரலை வச்சு அடைச்சுப் பாத்தேன். நின்னுது. ஒரு நிமிஷம். அப்புறம் விரலைச் சுத்தி, கை மேல, சட்டைக்கை வழியா முழங்கைவரைக்கும் உள்ள ஓடிடுச்சு. அப்படி ஒரு சில்லு!" சித்தி கையைத் தூக்கிக் காட்டினாள். "விட்டுட்டேன். ஓடட்டும்னு விட்டுட்டேன்."

உள்ளே போன் அடித்தது. யார் வீட்டிலோ வாளி நிறைந்துவிட்டது. சித்தப்பா எடுத்து, "வாஷர் அக்கா ஆஜர்!" என்று கத்தினார்.